ரிப்போர்ட்டில் 'பெய்ஜிங் வகை' என்று இருந்தால் டிபி மருந்து கேட்காதா?

கேள்வி இதுதான். தம்பிக்கு நுரையீரல் டிபி. சளியிலிருந்து வளர்த்த கிருமியின் முழு மரபணுத் தொடரையும் படித்து ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். மேலே 'மரபுவழி 2, பெய்ஜிங்' என்று இருக்கிறது. கீழே ஐசோநயசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் நான்குக்கும் எதிர்ப்பு இல்லை என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் பெய்ஜிங் வகைதான் மருந்துக்கு அடங்காத வகை என்று வருகிறது. மேல்வரியை நம்புவதா, கீழ்வரியை நம்புவதா?

கீழ்வரியை நம்புங்கள். வைத்தியம் அதை வைத்துத்தான் நடக்கும். மேல்வரி கிருமியின் பரம்பரையைச் சொல்கிறது, அவ்வளவுதான்: டிபி கிருமியின் பெரிய கிளைகளுக்கு மரபுவழி 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறார்கள். ஆனால் பெய்ஜிங் வகைக்கு அந்தக் கெட்ட பெயர் சும்மா வந்துவிடவில்லை. அதில் எவ்வளவு கிருமியின் குணம், எவ்வளவு மனிதர்கள் செய்துவைத்த கோளாறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பல பாக்டீரியாக்கள் மரபணுத் துண்டுகளைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும். ஒரு கிருமியிடம் இருக்கும் மருந்து எதிர்ப்பு ஜீன், பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் ஏறி, சம்பந்தமே இல்லாத இன்னொரு கிருமிக்குள் போய்விடும். டிபி கிருமியிடம் இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பிளாஸ்மிட்டும் இல்லை. ஒரு செல் இரண்டாகும்போது பிரதி எடுப்பதில் நேரும் எழுத்துப் பிழைகளும், அவ்வப்போது தொலைந்துபோகும் துண்டுகளும்தான் அதற்கு நேரும் மாற்றங்கள். அதுவும் மிக மெதுவாக. சுமார் 44 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபணுத் தொடரில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஓர் எழுத்து மாறுகிறது.

தொலைந்த துண்டை வேறு எங்கிருந்தும் வாங்கிக்கொள்ள முடியாது என்பதால், யார் யாருடைய வாரிசு என்று கண்டுபிடிப்பது இந்தக் கிருமியில் சுலபம். டிபிடி1 என்று பெயரிடப்பட்ட ஒரு துண்டு எப்போதோ ஒரு மூதாதைக் கிருமியிடம் தொலைந்தது. அதன் வாரிசுகளான 2, 3, 4 ஆகிய மரபுவழிகள் எதிலும் அது இல்லை. மரபுவழி 1-இல் இன்றும் இருக்கிறது. அதனால்தான் முதலாவதைப் பழையது என்றும் மற்ற மூன்றையும் நவீனமானவை என்றும் சொல்கிறார்கள்.

மரபுவழி 1 இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் அதிகம்: தென்னிந்தியா, பிலிப்பைன்ஸ், கிழக்கு ஆப்பிரிக்கா. இரண்டாவது கிழக்கு ஆசியாவில் தோன்றியது, பெய்ஜிங் வகை இதற்குள்தான் வருகிறது. மூன்றாவது வட இந்தியா, பாகிஸ்தான் பக்கம். நான்காவது ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று உலகம் முழுக்கப் பரவியது. 5, 6 இரண்டும் மேற்கு ஆப்பிரிக்காவைத் தாண்டி அதிகம் போகவில்லை, 7 எத்தியோப்பியாவோடு நின்றுவிட்டது. 2020-இல் ருவாண்டா, உகாண்டா மாதிரிகளிலிருந்து எட்டாவது ஒன்றும் கிடைத்தது. இந்தக் குடும்பத்துக்கு வயது என்ன என்பதில் பெரிய சண்டை நடக்கிறது. மனிதன் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே கூட வந்தது, 70,000 ஆண்டு என்று 2013-இல் ஒரு கணக்கு வந்தது. பெரு நாட்டில் தோண்டியெடுத்த பழைய எலும்புகளில் கிடைத்த டிஎன்ஏவை வைத்து, இப்போதிருக்கும் கிளைகளின் பொது மூதாதைக்கு 6,000 ஆண்டுதான் வயது என்று அடுத்த ஆண்டே இன்னொரு கணக்கு வந்தது. உங்கள் கேள்விக்கு இது தேவையில்லை, போகட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எந்த இரண்டு கிளைகளை எடுத்தாலும் மரபணு 99.9 சதவீதத்துக்கும் மேல் ஒன்றேதான்.

அப்படியானால் மருந்து எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து வாங்க வழியில்லை என்பதால், ஒவ்வொரு முறையும் அந்தந்த நோயாளியின் உடம்புக்குள்ளேயே புதிதாகப் பிறக்கிறது. பிறந்த பிறகு இருமல் வழியாக அடுத்தவருக்குப் போகிறது.

கணக்கு எளிது. பாடப்புத்தகக் கணக்குப்படி, ஐசோநயசிட்டுக்கு அடங்காத கிருமி சுமார் 10 லட்சத்தில் ஒன்று தற்செயலாகவே இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது சுமார் 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் குழிவிழுந்த ஒரு புண்ணுக்குள் 10 கோடி கிருமிகள் வரை இருக்கும். ஆக, ஒரே மருந்தைக் கொடுத்தால், மாத்திரையைத் தொடாத நாளிலேயே அங்கே இருந்த சில கிருமிகள் பிழைத்துப் பெருகிவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அடங்காத கிருமி 100 லட்சம் கோடியில் ஒன்றுதான். எந்த நுரையீரலிலும் அத்தனை கிருமி கிடையாது.

இதை உலகம் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த பிரபலமான சோதனையின் முடிவு 1948-இல் வந்தது. ஆறு மாதத்தில் மருந்து வாங்கிய 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர். அற்புத மருந்து என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் மருந்து வாங்கியவர்களில் பெரும்பாலோரின் கிருமி அதற்குள் எதிர்ப்பைப் பெற்றுவிட்டது. ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது இரண்டு பக்கத்திலும் பாதிப் பேருக்கு மேல் உயிரோடு இல்லை. டிபிக்கு எப்போதும் கூட்டு மருந்துதான் என்ற விதி அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

எதிர்ப்பு என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஓர் இடத்தை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பெய்ஜிங் கதையின் பாதி அங்கே இருக்கிறது. ஐசோநயசிட் மாத்திரையாக உள்ளே போகும்போது விஷம் இல்லை. கிருமியிடம் கேட்ஜி என்ற ஜீன் செய்யும் ஒரு நொதி உண்டு. மனித உடம்பு தன் மீது ஏவும் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்க கிருமி வைத்திருக்கும் தற்காப்பு அது. அந்த நொதிதான் ஐசோநயசிட்டையும் உடைத்து, செல் சுவருக்கு வேண்டிய மைக்கோலிக் அமிலத்தைச் செய்யவிடாத விஷமாக மாற்றுகிறது. கிருமி தன் கையாலேயே தனக்கு விஷம் காய்ச்சிக்கொள்கிறது என்று சொல்லலாம்.

இதிலிருந்து தப்ப எளிய வழி கேட்ஜியையே தூக்கி எறிவது. ஆய்வகத்தில் அப்படிச் செய்யும் கிருமிகள் நிறைய வரும். ஆனால் தற்காப்பு போய்விடுவதால் அவை நோஞ்சான்கள். 1950-களிலேயே கினிப் பன்றிகளில் இதைப் பார்த்துவிட்டார்கள்: இந்த நொதியை இழந்த கிருமி ஐசோநயசிட்டுக்கு அடங்காது, ஆனால் நோயும் அவ்வளவாக உண்டாக்காது. நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது வேறு தந்திரம். நொதியின் 315-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் ஏஜிசி என்பது ஏசிசி ஆனால் அங்கே த்ரியோனின் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே ஓர் எழுத்து. த்ரியோனின் கொஞ்சம் பருமன் என்பதால் நொதிக்குள் போகும் வழி குறுகிவிடுகிறது. ஐசோநயசிட் நுழைய முடியவில்லை, அதைவிடச் சின்ன மூலக்கூறான பெராக்சைடு வழக்கம்போல் போய் வருகிறது. எதிர்ப்பும் கிடைத்தது, தற்காப்பும் போகவில்லை.

உலகம் முழுவதிலும் இருந்து ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுத் தொடர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. பல மருந்து எதிர்ப்பை, அதாவது ஐசோநயசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காத நிலையை நோக்கிப் போகும் கிருமி பெரும்பாலும் எடுத்துவைக்கும் முதல் அடி இந்த 315-தான் என்று அது காட்டியது. எல்லா மரபுவழியிலும் இது திரும்பத் திரும்ப, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்திருக்கிறது.

இப்போது பெய்ஜிங் வகைக்கு வருவோம். 1990-களில் நியூயார்க் மருத்துவமனைகளில் பரவி உயிர்களை வாங்கிய பல மருந்து எதிர்ப்புக் கிருமி இந்த வகைதான். ரஷ்யாவின் சமாரா பகுதியில் எடுத்த 1,000 மாதிரிகளின் மரபணுவைப் படித்து 2014-இல் வெளியிட்டபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெய்ஜிங் வகை, அதிலும் மருந்து எதிர்ப்பு மிக அதிகம். இது போதாதென்று, மரபுவழி 2-இன் கிருமிகள் நான்காவதைவிட வேகமாக எதிர்ப்பைப் பெறுகின்றன என்று 2013-இல் ஓர் ஆய்வகச் சோதனையும் சொன்னது. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் சில ஜீன்களில் இந்த வகைக்கே உரிய மாற்றங்கள் இருப்பதும் தெரிந்ததே. எல்லாம் சேர்ந்தால் குற்றவாளி இவன்தான் என்று தோன்றும்.

எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. 2003-இலேயே இன்னொரு குழு, பெய்ஜிங் வகையையும் மற்றவற்றையும் வைத்து ரிஃபாம்பிசின் எதிர்ப்பு எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அளந்து, வித்தியாசம் இல்லை என்று சொல்லியிருந்தது. அதைவிடப் பெரிய சாட்சி ஜப்பான். அங்கே டிபி நோயாளிகளிடம் பெரும்பாலும் காணப்படுவது பெய்ஜிங் வகைதான். ஆனால் புதிய நோயாளிகளில் பல மருந்து எதிர்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. மரபுவழியே விதி என்றால் இது நடக்கக் கூடாது. ஜப்பானில் இருப்பவை அதிகமும் பெய்ஜிங்கின் பழைய கிளைகள், ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் வெடித்துப் பரவியவை புதிய கிளைகள் என்ற வித்தியாசம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் சோவியத் யூனியன் உடைந்தபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருந்து விநியோகம் அறுந்தது, இருந்த மருந்தை அரைகுறையாகக் கொடுத்தார்கள், சிறைகளில் ஆட்களை அடைத்து வைத்தார்கள். அந்த நேரத்தில் அந்த ஊர்களில் எந்தக் கிருமி இருந்ததோ அது எதிர்ப்பைப் பெற்றுப் பெருகியிருக்கும். இருந்தது பெய்ஜிங்.

இதற்கு நேர் எதிர்ச்சாட்சி தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. குவாசூலு-நடாலின் டுகேலா ஃபெர்ரியில் 2005, 2006-இல் எக்ஸ்டிஆர் டிபி (பல மருந்து எதிர்ப்போடு, அடுத்தகட்ட முக்கிய மருந்துகளுக்கும் அடங்காதது) என்று கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாள்கூடத் தாண்டவில்லை. அவர்களில் எச்ஐவி பரிசோதனை செய்யப்பட்ட அனைவருக்கும் எச்ஐவி இருந்தது. அந்தக் கிருமி பெய்ஜிங் இல்லை, மரபுவழி 4. அதன் மரபணுவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், மேலே சொன்ன 315 மாற்றம் அந்தக் கிளையில் 1950-களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. ஐசோநயசிட் புழக்கத்துக்கு வந்ததே 1952-இல்! எக்ஸ்டிஆர் என்ற சொல் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே முதல் படி ஏறியாயிற்று, ஒவ்வொரு புதிய மருந்துக்கும் ஒவ்வொரு படியாக அதன்மேல் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் பக்கத்து நாடான எஸ்வாட்டினியின் கதை இன்னும் சுவாரசியம். ரிஃபாம்பிசின் எதிர்ப்பைச் சில மணி நேரத்தில் சொல்லும் கார்ட்ரிட்ஜ் பரிசோதனை, ஆர்போபி என்ற ஜீனில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சின்னப் பகுதியை மட்டும்தான் பார்க்கிறது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்பதால் அது நியாயமான ஏற்பாடு. ஆனால் 491-ஆவது இடத்தில் வரும் ஒரு மாற்றம் அந்தப் பகுதிக்கு வெளியே விழுகிறது. பரிசோதனை 'எதிர்ப்பு இல்லை' என்றே சொல்லும், நோயாளிக்கு ரிஃபாம்பிசினே தொடரும், கிருமி பரவிக்கொண்டே இருக்கும். 2009, 2010-இல் அந்நாட்டில் எடுத்த ஆய்வில், பல மருந்து எதிர்ப்புக் கிருமிகள் 125-இல் 38 இந்த மாற்றத்தோடு இருந்தன. இதுவும் மரபுவழி 4-தான். பரிசோதனையின் கண்ணுக்குப் படாத கிருமி தப்பிப் பரவிய கதை இது. பின்னால் இந்தக் கிளையில் சிலவற்றில் பெடாகுலின் என்ற புதிய டிபி மருந்துக்கும் எதிர்ப்பு சேர்ந்துகொண்டது.

சரி, அப்போது மரபுவழிக்கு ஒரு பங்கும் இல்லையா? இருக்கிறது. முதலாவது, எந்த வழியாக எதிர்ப்பு வருகிறது என்பது மாறுகிறது. மரபுவழி 2-இல் ஐசோநயசிட் எதிர்ப்பு பெரும்பாலும் கேட்ஜி 315 வழியாக. மரபுவழி 1-இல் இன்எச்ஏ ஜீனுக்கு முன்னால் இருக்கும் சுவிட்ச் பகுதியில் வரும் மாற்றம் மற்றவற்றைவிட அதிகம் தென்படுகிறது. இது வெறும் வம்சாவளி விவரம் இல்லை. இன்எச்ஏ மாற்றத்தில் எதிர்ப்பு மிதமாக இருக்கும், அதிக அளவு ஐசோநயசிட் கொடுத்தால் சில நேரம் கேட்கும். ஆனால் அதே மாற்றம் எத்தியோனமைடு என்ற இன்னொரு டிபி மருந்தையும் வீணாக்கிவிடும். கேட்ஜி மாற்றத்தில் நேர்மாறு. டாக்டர் எந்த மருந்தைத் தொடுகிறார், எதைத் தவிர்க்கிறார் என்பது இதனால் மாறும்.

இரண்டாவது, எதிர்ப்பு வந்த பின் ஏற்படும் தளர்ச்சியைக் கிருமி எப்படிச் சரிக்கட்டுகிறது என்பது. ஆர்போபியில் மாற்றம் வந்தால் ஆர்என்ஏ செய்யும் இயந்திரம் கொஞ்சம் தடுமாறும். சில கிருமிகளில் பக்கத்து ஜீனான ஆர்போசியில் இன்னொரு மாற்றம் வந்து அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்துவிடுகிறது. இப்படி ஈடுகட்டிக்கொண்ட கிருமி, மருந்துக்கு அடங்கும் கிருமிக்குச் சமமாகப் பரவக்கூடும். சமாராவில் பரவிய பெய்ஜிங் கிளைகளில் இது நிறையவே இருந்தது. எனக்கு மரபுவழிப் பெயரைவிட இதுதான் கவலை தரும் விஷயம்.

மூன்றாவது, பிறவியிலேயே சில மருந்துக்கு அடங்காத கிளைகள் உண்டு. மாட்டு டிபியான போவிஸ் கிருமிக்கு பைரசினமைட் கேட்காது, பிஎன்சிஏ ஜீனில் 57-ஆவது இடத்து மாற்றத்தோடுதான் அது பிறக்கிறது. பிசிஜி தடுப்பூசிக் கிருமியும் அதன் வாரிசு என்பதால் அப்படியே. மரபுவழி 1-ஐத் தடுக்க, மற்றவற்றைவிடக் பிரெட்டோமனிட் என்ற புதிய டிபி மருந்து கொஞ்சம் அதிக அளவு ஆய்வகத்தில் தேவைப்படுகிறது என்று 2022-இல் காட்டினார்கள். அதை வைத்து நோயாளிக்கு மருந்து கேட்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பல மருந்து எதிர்ப்பு (எம்டிஆர்) டிபிக்கு அந்த மருந்தைச் சேர்த்த ஆறு மாதக் கூட்டு உலகெங்கும் பரவும் காலத்தில், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய விஷயம்.

ரிப்போர்ட்டை நீங்களே படிக்கப் பார்ப்பவர் என்றால் ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். எல்லா மரபணுத் தொடரையும் எச்37ஆர்வி என்ற ஒரு கிருமியோடு ஒப்பிட்டுத்தான் 'மாற்றம்' என்று குறிப்பார்கள். 1905-இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்துவரும் கிருமி அது, 1998-இல் முதலில் முழுதாகப் படிக்கப்பட்டதும் அதுதான். மரபுவழி 4-இன் ஓர் உள்கிளை. அதனால் அந்தக் கிளைக்கு மட்டும் உரிய வினோதங்கள் எல்லாம் 'சரியானவை' ஆகிவிட்டன, உலகத்தின் மற்ற கிருமிகள் எல்லாம் 'மாறியவை' ஆகிவிட்டன. ஜைர்ஏ ஜீனில் 95-ஆவது இடத்தில் செரினுக்குப் பதில் த்ரியோனின் என்று இருந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலான டிபி கிருமிகளில் அப்படித்தான். அதே ஜீனில் 90, 91, 94 மாறினால்தான் லீவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய மருந்துகள் கேட்காமல் போகும். கேட்ஜி 463-உம் இப்படியே, அது எதிர்ப்பு இல்லை, வம்சாவளி அடையாளம். பெய்ஜிங் வகையில் இந்த இரண்டும் கட்டாயம் இருக்கும். தம்பியின் ரிப்போர்ட்டின் பின்பக்க அட்டவணையில் இவற்றைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். எந்த மாற்றம் எதிர்ப்பு, எது இல்லை என்று பல்லாயிரக்கணக்கான மாதிரிகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு பட்டியல் போட்டது, 2023-இல் அதைத் திருத்தியது. ஆய்வகங்கள் அதோடு ஒப்பிட்டுத்தான் கீழ்வரியை எழுதுகின்றன.

உங்கள் டாக்டரிடம் கேட்க இரண்டு விஷயம். இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இன்னும் இருக்கிறதா? இருந்தால் எதிர்ப்புப் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் கையில் இருக்கும் ரிப்போர்ட் முதல் நாள் கிருமியைப் பற்றியது. அப்புறம், மாத்திரைகளில் ஒன்றிரண்டு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். மருந்தை மாற்றியமைக்க டாக்டருக்கு வழி உண்டு. நாமாக ஒன்றை விட்டு ஒன்றை விழுங்கினால் 1948 திரும்பும்.

கடைசியாக, வீட்டில் வேறு யாருக்காவது டிபி வந்து அதுவும் பெய்ஜிங் என்று வந்தால், தம்பியிடமிருந்துதான் ஒட்டியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மரபுவழி ஒன்று என்பது மிகப் பெரிய குடும்பம். இரண்டு மாதிரிகளுக்கும் இடையில் எத்தனை எழுத்து வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். 5 அல்லது அதற்குக் குறைவு என்றால் அண்மையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். 12-க்கு மேல் என்றால் இருவருக்கும் வேறு வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள்.